மாத்திரையை எங்கே வாங்குவது: தோப்பூரா, டவுனா, பக்கத்து ஊரா, நம் ஊரா?

அக்காள் மகன் புரட்டாசிக் கடைசியில் ஒரு மாலை வந்தான். வண்டியின் டேங்க் மேல் எக்ஸ்ரே உறை. வழக்கமாகத் திண்ணையில் வந்து விழுகிறவன், அன்று முற்றத்து வேப்பமரத்தடியிலேயே, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று அன்று காலைதான் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரியப்பா தோப்பூரில் போய்ப் படுத்துவிடச் சொல்கிறார். மாமனார் டவுனில் தனியாரிடம் காட்டலாம் என்கிறார். ஆஸ்பத்திரியில் நம் ஊர் நர்ஸிடமே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். உங்களுக்கு வந்து போனதுதானே. எது சரி?"

எனக்கு வந்து போனதுதான். 2022 ஐப்பசி முதல் வாரத்தில் மாத்திரை தொடங்கினேன். ஆறு மாதக் கணக்கில் பங்குனியோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்தது சித்திரையில். அந்த இழுபறிக்குக் காரணம் நான் எடுத்த ஒரு முடிவுதான். அதனால் அவனிடம் முதலில் ஒன்றைக் கேட்டேன்: "மாப்பிள்ளை, இன்றைக்கு எது வசதி என்று பார்க்காதே. மாசி மாதம் மிளகாய்ப் பழம் பறிக்கும்போது எது உன்னால் முடியும் என்று சொல்."

அவனுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்து விவசாயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் முழுக்க மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி நெல்லை நேரடியாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். ஐப்பசியில் தொடங்குகிறவனுக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை. அது கார்த்திகையோடு முடியும். பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. நான்காவது மாதம் தை: நெல் அறுப்பு. ஐந்தாவது மாதம் மாசி: முண்டு மிளகாய் பழுத்து நிற்கும், ஆள் கிடைக்காது, விட்டால் செடியிலேயே சுருங்கிவிடும். அந்த நேரத்தில் இருமலும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது, நன்றாகப் பசிக்கும். நோய் போய்விட்டது என்று உடம்பு சொல்லும். மாத்திரையை விடுகிறவர்கள் அப்போதுதான் விடுகிறார்கள். முதல் மாதத்தில் பயத்திலேயே ஒழுங்காக விழுங்கிவிடுவோம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தோப்பூர் என்றால் மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் போகிற வழியில் இருக்கிற அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எங்கள் ஆத்தா காலத்தில் இதற்கு எலும்புருக்கி என்று பேர். வந்தால் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். சென்னையில் ஒரு ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பேர் இருக்கிறது; சானடோரியம் என்றால் காசநோய்க்காரர்களைப் படுக்கவைத்துப் பார்க்கிற மருத்துவமனை. அந்த அளவுக்கு இந்த நோயும் படுக்கையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

அதை உடைத்ததும் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்கள். 1959-இல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கம் வந்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆகவே பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகத் தோப்பூர் போக வேண்டாம். ஆனால் சிலர் கட்டாயம் மருத்துவமனையில் சேர வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. நோய் உறுதியான கையோடு ஆளைச் சோதிக்கிறார்கள். எனக்குச் செய்தது நினைவிருக்கிறது. நர்ஸம்மா என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு, குழி விழுகிறதா என்று பார்த்தார். விரலில் கவ்வி மாதிரி ஒன்றை மாட்டினார். ஒரு நிமிடம் என் மூச்சை எண்ணினார். "அண்ணே, எதையும் பிடிக்காமல் எழுந்து நில்லுங்கள்" என்றார். எழுந்தேன். பிறகுதான் எடை, உயரம். ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலே, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லை, எலும்பும் தோலுமாக இருந்து காலும் வீங்கியிருக்கிறது என்றால் வீட்டுக்கு அனுப்பக்கூடாது; மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசநோயில் இறக்கிறவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறார்கள் என்பதால்தான் இந்தச் சோதனை. அக்காள் மகன் நின்றான், மூச்சும் சீராக இருந்தது. தோப்பூர் பேச்சு அதோடு முடிந்தது.

இன்னொரு விதிவிலக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி. சளியை ட்ரூநாட் போன்ற கருவியில் வைத்தால் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து வேலை செய்யுமா என்பது அன்றே தெரிந்துவிடும். செய்யாது என்று வந்தால் நான் இங்கே எழுதுவது எதுவும் பொருந்தாது. மருந்தும் வேறு, பார்க்கிற மருத்துவரும் வேறு. அந்தச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

டவுன் தனியார் மருத்துவர்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஆடி மாதத்திலிருந்து நான் இருமிக்கொண்டிருந்தேன். வீட்டில் போன வருட வற்றல் மூட்டை கிடந்தது. நெடிதான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எங்கள் ஊரில் இருமாத வீடு கிடையாது. வற்றல் காயப்போடுகிற காலத்தில் தெருவில் நடக்கிற நாயே தும்மும். (முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெடிக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.) பிறகு டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். டானிக், மாத்திரை, பத்து நாள் கழித்து வேறு டானிக், வேறு மாத்திரை. ஏறக்குறைய இரண்டு மாதம். சளியைச் சோதிக்க வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது பஸ் நிலையச் சுவரில்கூட எழுதியிருக்கிறது. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கியும் வைத்துவிடுமாம்; ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி மோசமானதன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கோபத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் தனியாரிடம் இரண்டு வசதி உண்டு. மாலை ஏழு மணிக்கும் பார்க்கலாம், ஒரு நாள் கூலி போகாது. அடுத்தது, யாருக்கும் தெரியாது. மாமனார் அதற்காகத்தான் சொல்கிறார். அவர் வீட்டில் இன்னும் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள். ஆனால் ஆறு மாத மருந்துச் செலவு, பஸ், பரிசோதனை எல்லாம் சேர்ந்து விதைப்புச் செலவு செய்த கையோடு வந்து நிற்கும். தையில் நெல் கருகிப்போனால் முதலில் நிற்பது எது? மாத்திரைதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தனியாரிடம் பார்த்தாலும் அவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2012 முதல் அது கட்டாயம். அப்படிப் பதிந்துவிட்டால் அவரிடமே காட்டிக்கொண்டு அரசு மாத்திரையை இலவசமாக வாங்கலாம், ஊட்டச்சத்துப் பணமும் வரும். எனவே ஒரு டாக்டர் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அவரை விட வேண்டியதில்லை. "என்னைப் பதிந்தீர்களா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். அரசு மாத்திரை என்று முடிவானாலும், எந்தச் சுகாதார நிலையத்தில் வாங்குவது? நான் தவறியது இங்கேதான்.

எங்கள் ஊரிலேயே துணை சுகாதார நிலையம் இருக்கிறது. என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அதன் வாசலில்தான் ரேஷன் கடைக்கு நிற்கிற கூட்டம் நிழலுக்கு ஒதுங்கும். நான் மாத்திரை அட்டையோடு வெளியே வந்தால் சாயங்காலத்துக்குள் கண்மாய்க் கரை வரைக்கும் செய்தி போய்விடும். அதனால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். என் மனைவிக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். கார்த்திகை வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. "உரக்கடைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவேன். ஊரில் அந்த வருடம் என்னை விட அதிகமாக உரம் வாங்கியவன் கிடையாது.

தை பிறக்கிற நேரம். அறுப்பு இயந்திரம் ஊருக்குள் வந்துவிட்டது. வரிசை தவறினால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. மாத்திரை தீர்ந்த அன்று போகவில்லை. மறுநாள் பொங்கல். அதற்கடுத்த நாள் வைக்கோல் கட்டு. பிறகு ஒரு விடுமுறை. இப்படிப் பதினோரு நாள். உடம்பு நன்றாக இருந்ததால் உறுத்தவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அந்த நிலையத்தின் சிகிச்சை மேற்பார்வையாளர் பைக்கில் வீட்டு வாசலில் வந்து நின்றார், பட்டப்பகலில், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. மூன்று மாதம் உரக்கடைக் கதை சொல்லி மறைத்தது ஒரு நிமிடத்தில் போயிற்று.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறுபடி சளி எடுத்துப் பார்த்தார்கள், கிருமி இல்லை. விட்ட நாள்களைச் சேர்த்து முடிக்க வேண்டும் என்றார்கள். கணக்கு சித்திரைக்குப் போனது அப்படித்தான். அன்றே சிகிச்சை அட்டையை எங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் மாற்றிக்கொண்டேன். மாசி முழுக்க விடியற்காலையில் மிளகாய்க்குப் போகிற வழியில் அவர் வீட்டுத் திண்ணையில் விழுங்கிவிட்டுப் போனேன். ஒரு நாள் தவறவில்லை.

ஊருக்குத் தெரிந்ததால் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கக்கூடாது. பழம் பறிக்க வந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் வரவில்லை. டீக்கடையில் என் பங்கு கண்ணாடி டம்ளரிலிருந்து காகிதக் கோப்பைக்கு மாறியது. இந்த நோய் டம்ளரில் ஒட்டாது, இருமுகிறவனின் மூச்சுக் காற்றில்தான் பரவும், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்றெல்லாம் நான் சொன்னேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டார். கோப்பை மாறவில்லை. ஆனால் எதிர்வீட்டு அத்தை ஒரு நாள் என் மனைவியைக் கூப்பிட்டு, மூன்று மாதமாகத் தன் மகனும் இருமுகிறான், எங்கே சோதிப்பது என்று கேட்டது. நான் தைரியமாகச் சொல்லியிருந்தால் கார்த்திகையிலேயே கேட்டிருக்கும். பையனுக்குக் காசநோய் இல்லை, ஆஸ்துமா.

கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு வந்தால் நம் ஊரிலேயே வாங்கு என்று நான் சொல்வேனா? தெரியாது. அவளுடைய நட்டம் என் காகிதக் கோப்பையை விடப் பெரியது. அவள் தூரத்தில்தான் வாங்க வேண்டும் என்றால், ஒரு மாதத்துக்கான மாத்திரையைச் சேர்த்து வாங்கிவரத் தாயோ அண்ணனோ ஒருவர் முதலிலேயே பொறுப்பேற்க வேண்டும். அந்தத் தடத்தில் நகரப் பேருந்து ஓடினால் பெண்ணுக்கு டிக்கெட் செலவும் இல்லை. அக்காள் மகனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. மூன்று ஏக்கர் மிளகாய் மட்டும்தான் இருக்கிறது.

மாத்திரையை யார் கையால் வாங்கி விழுங்குவது என்பது அடுத்தது. கண்காணிக்கிறவராக வீட்டு ஆளையே போட்டுக்கொள்ளலாம். அரசுச் சம்பளம் வாங்காத வெளியாள் என்றால் சிகிச்சை முடிந்ததும் அவருக்கு 1000 ரூபாய் அரசு கொடுக்கிறது. என் மனைவி முதல் மூன்று மாதம் அதைச் செய்தாள். எங்களுக்குள் சண்டை வந்த நாளெல்லாம் மாத்திரையும் சண்டைக்குள் வந்தது. "உனக்காகவா சாப்பிடுகிறேன்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நர்ஸம்மாவிடம் அப்படிக் கேட்க முடியுமா? என் ஓட்டு வெளியாளுக்குத்தான்.

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். 2018 ஏப்ரலில் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி என் காலத்தில் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1000. வங்கிக் கணக்கில் வரும், சில சமயம் தாமதமாக. விவசாயிகளுக்கு இன்னொரு கதவும் உண்டு: உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அட்டை இருந்தால், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற காலத்துக்கு மாதம் 1000 ரூபாய் கேட்டு மனு கொடுக்கலாம். புஞ்சை ஐந்து ஏக்கருக்கு மிகாதவர்களும் நிலமில்லாத விவசாயக் கூலிகளும் அதில் வருவார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ஊட்டச்சத்துப் பணத்தை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அரசு வழியிலும் ஓட்டை உண்டு. 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்களே வாங்கிச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு சொன்னது. அதனால் கையிருப்பு ஒரு வாரத்துக்குக் குறையும்போதே போய்க் கேட்டுவிடுவது நல்லது. தீர்ந்த பிறகு போனால் நான் தையில் நின்ற இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

வயலா, ஓய்வா என்று அவன் கேட்டான். முதல் இரண்டு மாதம் உழைக்க உடம்பே விடாது. ஐப்பசி விதைப்பை ஆள் விட்டுத்தான் செய்ய வேண்டும். அதன்பின் வேலைக்குப் போகலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: கருவேலங்கரி மூட்டம் போடுகிற வேலைக்கு இந்த வருடம் போகாதே. அந்தப் புகை நல்ல நெஞ்சையே அரிக்கும். சாராயம் தொடக்கூடாது, இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றே காட்ட வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம். எனக்கு யாரும் சொல்லாததால் முதல் நாள் ரத்தம் என்று நினைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டில் குழந்தைகளையும் கூட்டிப்போய்ச் சோதித்து அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கேட்க வேண்டும்.

சாப்பாட்டில் கடற்கரைக்காரனுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மீன் நல்லதுதான், ஆனால் சூரை வேண்டாம். இந்த மாத்திரையில் இருக்கிற ஐசோனியசிட் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சூரை மாதிரி மீன்கள் சேராமல் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கலாம். ஐஸ் குறைந்த மீன் என்றால் இன்னும் மோசம். நான் சூரைக் குழம்பு சாப்பிட்ட இரவு மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மறுநாள் நிறுத்தப் பார்த்தேன். மருத்துவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது "என்ன மீன்?" என்றுதான்.

அவன் ஊர் நர்ஸிடமே வாங்குவது என்று முடிவு செய்தான். மாமனார் பத்து நாள் பேசவில்லை. இப்போது கார்த்திகை. எனக்கு அப்போது 47 கிலோவில் மூன்று மாத்திரை. ஐம்பதைத் தாண்டியதும் நான்காயிற்று. எடை கூடினால் மாத்திரையும் கூடும் என்று சொல்லிவைத்திருந்தேன். நேற்று போன் செய்தான்.

"மாமா, நாற்பத்தெட்டரை. இன்னும் மூன்றுதான்."

"செடி எப்படி இருக்கிறது?"

"இப்போதுதான் பூ வைக்கிறது."